வேலை தேடுவோரும் சமூக ஊடகப் பதிவுகளும்

இரண்டாம் உலகப் போர் முடிவுற்ற 1945ஆம் ஆண்டில், படையிலிருந்து விடுவிக்கப்பட்டோருக்கு வேலை தேடித் தரும் பொருட்டு நம் நாட்டில் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் அமைக்கப்பெற்றன. பின்னர் அவை பொதுமக்கள் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டன. அங்குப் பதிவு செய்துகொண்டவரைப் பற்றிய விவரம் முழுவதும் ஓர் அட்டையில் அடங்கிற்று: பெயர், பிறந்த தேதி, கல்வித் தகுதி, முன் அனுபவம், பதிவு எண். அவர் எந்த நடிகரின் ரசிகர், எந்த ஊர்வலத்தில் முழக்கமிட்டார், நண்பனின் திருமணத்தில் எவ்வாறு ஆடினார் என்பனவற்றை அந்த அட்டை அறியாது. வேலை தருபவருக்கும் அவற்றை அறிய வழியில்லை. தெரிந்தவர் எவரையேனும் விசாரித்துப் பார்ப்பதே அவரால் இயன்றது.

2015 ஜூலை 20ஆம் நாள் தொடங்கப்பெற்ற தேசிய வேலைவாய்ப்புச் சேவை இணையதளம் அந்த அட்டையின் இடத்தைப் பெருமளவு எடுத்துக்கொண்டது. ஆனால் அதற்கு முன்னரே வேறொரு மாற்றம் நிகழத் தொடங்கியிருந்தது. 2004ஆம் ஆண்டில் தோன்றிய ஆர்குட்டும் முகநூலும், 2009இல் வந்த வாட்ஸ்அப்பும், 2010இல் வந்த இன்ஸ்டாகிராமும் நம் இளைஞரின் அன்றாட வாழ்வில் இடம்பெற்றன. 2016 செப்டம்பருக்குப் பின் இணையத் தரவின் விலை சரிந்ததும், இவ்வழக்கம் கிராமங்களிலும் வேரூன்றியது. இதன் விளைவாக, விண்ணப்பதாரர் தாமே எழுதியனுப்பும் தன்விவரக் குறிப்புக்கு அப்பால், அவரைப் பற்றிய இரண்டாவது கோப்பு ஒன்று இணையத்தில் திறந்து கிடக்கிறது. அதில் ஒரு பகுதியை அவரே எழுதியிருக்கிறார். மற்றொரு பகுதியை அவருடைய நண்பர்களும் உறவினரும் எழுதியிருக்கின்றனர்.

2023-24ஆம் ஆண்டின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 29 வயது வரையிலானோரில் வேலையின்மை விகிதம் 10.2 சதவிகிதம். ஓர் இடத்துக்குப் பலர் போட்டியிடும் நாட்டில், ஒருவரை விலக்குவதற்குச் சிறு காரணமும் போதுமானதாகிவிடும். இந்த இரண்டாவது கோப்பை வேலை தேடுவோர் எவ்வாறு பேணுவது, தேர்வு செய்வோர் அதனை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்னும் இரு வினாக்களையும் சேர்த்தே ஆராய வேண்டியுள்ளது.

அடையாளக் குறிகளும் அவற்றின் விலையும்

வேலைச் சந்தையில் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் உள்ள தகவல் சமமானதன்று. விண்ணப்பதாரர் தம் திறமையையும் ஊக்கத்தையும் அறிவார், நிறுவனம் அறியாது. 1973ஆம் ஆண்டில் மைக்கேல் ஸ்பென்ஸ் என்னும் பொருளியலறிஞர் இந்நிலையை ஆராய்ந்து, திறமை மிக்கவர் எளிதிலும் திறமை குறைந்தவர் பெருமுயற்சியுடனும் பெறக்கூடிய ஓர் அடையாளமே நம்பத்தக்க அடையாளமாகும் என்று விளக்கினார். கல்விப் பட்டத்தை அவர் அதற்கு எடுத்துக்காட்டாகக் கொண்டார். இத்துறையில் ஆற்றிய பணிக்காக 2001ஆம் ஆண்டில் அகர்லாஃப், ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இவ்வளவுகோலைச் சமூக ஊடகத்தின் மீது வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். "கடின உழைப்பாளி", "குழுவாகச் செயல்படுவதில் ஆர்வமுடையவர்" என்று லிங்க்டுஇன் பக்கத்தில் எழுதிக்கொள்வதற்குச் செலவு ஏதுமில்லை. ஆகவே அதற்கு மதிப்பும் இல்லை. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இத்தகைய வாசகங்களை நொடியில் எழுதித் தரும் இந்நாளில் அம்மதிப்பு மேலும் குறைந்துவிட்டது. பெருமிதத்தோடும் பணிவோடும் அறிவிப்பதாகத் தொடங்கும் பதிவுகளைத் தேர்வாளர்கள் நாள்தோறும் காண்கின்றனர். இதற்கு மாறாக, தொழிற்பயிற்சி நிலையத்தில் பற்றவைப்புத் தொழில் பயின்ற இளைஞர், தாம் செய்த இணைப்பின் படத்தையும், எந்தத் தடிமன் தகட்டில் எந்த முறையில் செய்தார் என்பதையும், முதன்முறை ஏன் விரிசல் கண்டது என்பதையும் நான்கு வரியில் எழுதினால், துறையறிந்தவர் அதை ஒரு பார்வையில் எடைபோட்டுவிடுவார். அறியாதவரால் அதை எழுத இயலாது. கணினி நிரல் எழுதுவோருக்கு கிட்ஹப் போன்ற தளங்கள் இப்பணியைச் செய்கின்றன. மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு பக்க மாதிரியும், கணக்கியல் மாணவருக்கு ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் படித்து எழுதிய குறிப்பும் அவ்வாறே உதவும்.

பொய் கூறுவதன் ஆபத்தையும் இங்குச் சொல்லிவிடலாம். மூன்று மாதப் பயிற்சியை ஓராண்டுப் பணியாகக் காட்டுவோர் உளர். விண்ணப்பத்தில் ஒரு தேதியும் லிங்க்டுஇன் பக்கத்தில் வேறொரு தேதியும் இருந்தால், பின்னணிச் சரிபார்ப்பு நிறுவனத்தின் அலுவலர் முதலில் குறித்துக்கொள்வது அந்த வேறுபாட்டைத்தான்.

அறிமுகங்களின் பயன்

அமெரிக்கச் சமூகவியலறிஞர் மார்க் கிரனோவெட்டர், பாஸ்டன் நகரையடுத்த நியூட்டனில் வேலை மாறியோரை விசாரித்து 1973ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அறிமுகமானோர் வழியே வேலை பெற்றவர்களில், அந்த அறிமுகமானவரை அடிக்கடி சந்தித்துவந்ததாகக் கூறியோர் சுமார் 17 சதவிகிதத்தினரே. ஏனையோர் எப்போதாவது அல்லது மிக அரிதாகச் சந்திக்கும் ஒருவர் மூலமே செய்தியறிந்தனர். காரணம் எளிது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்தே இருக்கும். வேறு வட்டத்தில் பழகுபவருக்கே புதிய செய்தி கிட்டும்.

இக்கருத்தை மிகப் பெரிய அளவில் சோதித்த ஆய்வொன்று 2022ஆம் ஆண்டில் சயன்ஸ் இதழில் வெளிவந்தது. 2015 முதல் 2019 வரை லிங்க்டுஇன் தளத்தில் சுமார் 2 கோடிப் பேருக்குக் காட்டப்பட்ட அறிமுகப் பரிந்துரைகளை மாற்றியமைத்து அச்சோதனை நடத்தப்பெற்றது. ஓரளவு தளர்ந்த தொடர்புகளே வேலை மாற்றத்துக்கு மிகுதியும் உதவின. ஆயினும் கணினிப் பயன்பாடு மிகுந்த தொழில்களில்தான் இது பொருந்திற்று. அது குறைந்த தொழில்களில் நெருங்கிய தொடர்புகளே கூடுதலாகப் பயன் தந்தன. திருப்பூரிலோ லூதியானாவிலோ பின்னலாடைத் தொழிலில் வேலை தேடும் ஒருவர், ஊர்க்காரரின் வாய்ச்சொல்லை விட்டுவிட்டு லிங்க்டுஇன் ஒன்றையே நம்பியிருப்பது அறிவுடைமையாகாது.

நம் நாட்டில் இதற்கு ஒரு சமூகப் பொருளும் உண்டு. தந்தையும் மாமனும் அலுவலகங்களில் இருக்கும் குடும்பத்து மாணவருக்குத் தளர்ந்த தொடர்புகள் பிறப்போடு வருகின்றன. கல்லூரிக்குள் நுழைந்த முதல் தலைமுறையினருக்கு அவை இல்லை. அவர்களுக்கு இவ்வகைத் தளங்கள் உண்மையாகவே ஒரு வாயிலைத் திறக்கக்கூடும். துறையில் மூத்த ஒருவருக்கு எழுதும்போது, "வேலை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்" என்பதைவிட, அவரது பணியைப் பற்றித் திட்டமான ஒரு வினாவைக் கேட்பது மறுமொழி பெறும். மொழித் தடையும் ஓரளவு குறைந்துள்ளது. 2021 டிசம்பரில் லிங்க்டுஇன் இந்தியிலும் இயங்கத் தொடங்கியது. எனினும் அத்தளத்தில் நடைபெறும் பேச்சின் பெரும்பகுதி இன்றும் ஆங்கிலத்தில்தான் உள்ளது என்பதை மறைப்பதற்கில்லை.

தேர்வாளர் காணத் தேவையற்றவை

ஒருவரது முகநூல் பக்கத்தைத் திறக்கும் தேர்வாளர், அவருடைய நடத்தையை மட்டும் காண்பதில்லை. மதம், சாதி, திருமண நிலை, கருவுற்றிருத்தல், உடற்குறை, அரசியல் சார்பு ஆகிய அனைத்தையும் ஒருசேரக் காண்கிறார். கண்டபின் அவற்றை மறந்து தீர்ப்புச் செய்தல் மனித இயல்புக்கு அரிது.

சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் ஆகிய இருவரும் 2007ஆம் ஆண்டில் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி இதழில் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைவுகூரத்தக்கது. நாளிதழ் விளம்பரங்களுக்குச் சமமான தகுதியுடைய விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அவர்கள் அனுப்பினர். உயர்சாதி இந்துப் பெயர் கொண்டவற்றைவிட, தலித் பெயரும் முஸ்லிம் பெயரும் கொண்டவற்றுக்கு அழைப்பு வரும் வாய்ப்புக் குறைவாக இருந்தது. பெயர் ஒன்றே இவ்வளவு செய்யுமாயின், படங்களும் விழாக்களும் நிறைந்த ஒரு பக்கம் என்னென்ன செய்யும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் அக்குவிஸ்தி, ஃபோங் இருவரும் 4,000க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு விண்ணப்பங்கள் அனுப்பிச் செய்த சோதனையில், மதச் செய்தி விண்ணப்பத்தில் இல்லை. சமூக ஊடகப் பக்கத்தில் மட்டுமே வைக்கப்பட்டிருந்தது. எல்லா நிறுவனங்களும் தேடிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆயினும் நாட்டின் சில பகுதிகளில் முஸ்லிம் விண்ணப்பதாரருக்கு அழைப்புகள் தெளிவாகக் குறைந்தன.

பிற நாடுகள் இதற்குச் சில வேலிகளைக் கட்டியுள்ளன. விண்ணப்பதாரரின் சமூக ஊடகக் கடவுச்சொல்லைக் கேட்பதை மேரிலாந்து மாநிலம் 2012ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் தடுத்தது. பல மாநிலங்கள் பின்பற்றின. ஒரு பக்கம் பொதுப்பார்வைக்குத் திறந்திருக்கிறது என்பதனாலேயே அதை வேலை தருவோர் தம் நோக்கத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாகாது, அப்பணிக்கு அது தேவையானதாகவும் தொடர்புடையதாகவும் இருத்தல் வேண்டும் என்று ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு அமைப்புகளின் குழு 2017ஆம் ஆண்டில் கருத்துரைத்தது.

நம் நாட்டில், அதே 2017 ஆகஸ்டு 24ஆம் நாள், புட்டசாமி வழக்கில் உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தது. மனிதர் மறந்துவிடுவதை இணையம் மறப்பதில்லை என்பதையும், இளமைப் பிழைகளிலிருந்து மீண்டு புதிதாகத் தொடங்கும் வாய்ப்பு ஒருவருக்கு வேண்டும் என்பதையும் நீதிபதி கவுல் தம் தீர்ப்புரையில் விரிவாக ஆராய்ந்தார். ஆனால் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தாமே பொதுவெளியில் வைத்த தகவலுக்குப் பொருந்தாது. சமூக ஊடகத்தில் தம் கருத்துகளை எழுதுபவரையே அச்சட்டம் இதற்கு விளக்கமாகத் தருகிறது. 2025 நவம்பரில் அறிவிக்கப்பெற்ற விதிகளின்படி, சட்டத்தின் பெரும்பாலான கடமைகள் 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன. அவை வந்த பின்னும், எல்லோரும் காண வைத்த பதிவுக்கு அச்சட்டத்தின் காப்பு இராது. இது ஒரு குறைபாடே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

சட்டம் வரும்வரை காத்திராமல், பணியாளர் தேர்வில் ஈடுபடும் அலுவலர்கள் செய்யத்தக்கவை சில உண்டு. சமூக ஊடகத்தைப் பார்ப்பதே தேவையா என்பதை முதலில் முடிவு செய்தல் வேண்டும். கணக்காளர் பணிக்கு அது பெரும்பாலும் தேவையன்று, மக்கள் தொடர்பு அலுவலர் பணிக்குத் தேவைப்படலாம். பார்ப்பதாயின் எல்லா விண்ணப்பதாரர்க்கும் ஒரே கட்டத்தில், நேர்காணலுக்குப் பின், பார்த்தல் நலம். தேர்வுக் குழுவில் இல்லாத ஒருவர் பார்த்து, பணிக்குத் தொடர்புடையதை மட்டும் எழுத்தில் தருவது மேலும் நலம். பாதகமானது ஏதும் தென்பட்டால், அது அவருடைய கணக்குத்தானா, அதே பெயருடைய வேறொருவருடையதா என்பதை அவரிடமே கேட்க வேண்டும். நம் நாட்டில் ஒரே பெயருடையோர் ஒரு தெருவிலேயே பலர் இருப்பர்.

அரசுப் பணியை நாடுவோர்

அரசு வேலைக்கு விண்ணப்பித்திருக்கும் மாணவர்கள், "முகநூலில் எழுதியதைப் பார்த்து வேலை மறுப்பார்களா?" என்று அடிக்கடி கேட்கின்றனர். இதில் தேவையற்ற அச்சமும் தேவையான எச்சரிக்கையும் கலந்தே காணப்படுகின்றன. அவற்றைப் பிரித்தறிதல் வேண்டும்.

மத்திய அரசின் பதிவுரிமை பெறாத பி பிரிவுப் பணிகளுக்கும் சி பிரிவுப் பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்காணல் நீக்கப்பட்டுவிட்டது. எழுத்துத் தேர்வும் திறன் தேர்வுமே அங்கு முடிவு செய்கின்றன. சமூக ஊடகப் பக்கத்துக்கு மதிப்பெண் ஏதுமில்லை. ஆனால் தேர்வானபின், நன்னடத்தை குறித்த சரிபார்ப்பு நடைபெறுகிறது. அதற்கான உறுதிமொழிப் படிவத்தில் கைது, வழக்கு, தண்டனை ஆகியவை பற்றிய வினாக்கள் உள்ளன. ஆகவே அங்கு வினா, என்ன எழுதினீர் என்பதைவிட, எழுதியதனால் வழக்கு ஏதும் எழுந்ததா என்பதே. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்சநீதிமன்றம் 2015 மார்ச் 24ஆம் நாள் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் செல்லாதென்று தள்ளியது. எனினும் பிரிவினரிடையே பகைமை மூட்டுதல், அவதூறு ஆகியவற்றுக்கான விதிகள் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் உள்ளன. பிறர் அனுப்பிய காணொளியைச் சரிபாராமல் மேலனுப்பியவர் மீதும் வழக்கு வரலாம்.

வழக்கு ஒன்று இருந்து, அதைப் படிவத்தில் மறைப்பது மேலும் பெரிய பிழை. 2016ஆம் ஆண்டில் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வு இதைப் பற்றிய நெறிகளைத் தொகுத்துரைத்தது. இளவயதில் முழக்கமிட்டது போன்ற சிறு விஷயங்களில் மறைப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளும் உரிமை வேலை தருவோருக்கு உண்டு என்றும், கடுமையான குற்றங்களில் நியமனத்தை நீக்கலாம் என்றும் அது கூறிற்று. 2022 ஜூன் மாதத்தில் அக்னிபத் திட்டத்துக்கெதிரான கிளர்ச்சியில் தீவைப்புகள் நிகழ்ந்தபோது, படையில் சேர விரும்புவோர் அவ்வன்முறையில் பங்குபெறவில்லையென உறுதியளிக்க வேண்டும் என்றும், காவல்துறைச் சரிபார்ப்பின்றி எவரும் சேர இயலாதென்றும் படைத்துறை அதிகாரிகள் அறிவித்தனர். எரியும் ரயில் பெட்டியின் முன் நின்று தாமே படமெடுத்துக்கொண்டவர், தமக்கெதிரான சாட்சியத்தைத் தாமே தயாரித்தவராகிறார்.

தேர்வுகள் நடைபெறும் காலத்திலும் கவனம் வேண்டும். பல நாட்களில், பல வேளைகளில் நடைபெறும் கணினிவழித் தேர்வுகளில், காலையில் எழுதியவர் வினாக்களை நினைவுகூர்ந்து டெலிகிராம் குழுவில் இடுவதை உதவியென்றே கருதுகிறார். 2024 ஜூன் 21 முதல் நடைமுறையிலுள்ள பொதுத் தேர்வுகள் முறைகேடு தடுப்புச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி, நடந்துகொண்டிருக்கும் தேர்வுகளின் வினாத்தாள்களைச் சமூக ஊடகத்தில் அலசுவதற்கெதிராகப் பணியாளர் தேர்வாணையம் 2025 செப்டம்பரில் எச்சரிக்கை விடுத்தது. "வினாத்தாள் கிடைக்கும்" என்று பெயர் சூட்டிக்கொண்ட குழுக்களில் வேடிக்கைக்காகச் சேர்ந்திருப்பதும் நல்லதன்று.

பணியில் சேர்ந்தபின் நிலைமை வேறு. 1964ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகளில் 5ஆம் விதி அரசியலில் பங்குபெறுவதையும், 9ஆம் விதி அரசின் கொள்கையையும் செயலையும் வெளிப்படையாகக் குறைகூறுவதையும் தடுக்கின்றன. எனினும் அரசு ஊழியருக்கும் கருத்துரிமை உண்டு, அதை விதிகளின் வரம்புக்குள்தான் குறைக்கலாம் என்று திரிபுரா உயர்நீதிமன்றம் 2020 ஜனவரியில் ஒரு முகநூல் பதிவு தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. வேலை தேடும் குடிமகனுக்கோ இவ்விதிகள் பொருந்தா. அரசின் திட்டம் ஒன்றைப் புள்ளிவிவரத்தோடு குறைகூறி எழுதிய மாணவர், வேலைக்காக அதனை அழித்துவிட வேண்டியதில்லை. வசைக்கும் வாதத்துக்கும் உள்ள வேறுபாட்டை நேர்மையான தேர்வாளர் அறிவார். ஒன்றும் எழுதாது வாய்மூடியிருக்கும் பட்டதாரிகளை மட்டுமே பொறுக்கியெடுக்கும் முறை நிர்வாகத்துக்கு நன்மை தராது.

செய்முறைக் குறிப்புகள்

வேலை தேடத் தொடங்குமுன், தம் பெயரைத் தாமே இணையத்தில் தேடிப் பார்த்தல் முதற்படி. தம் கணக்குகளிலிருந்து வெளியேறிய நிலையில், அந்நியர் காண்பதைப் போன்று காண வேண்டும். ஆங்கிலத்திலும் தாய்மொழியிலும், எழுத்துக்கூட்டல் மாற்றங்களோடும் தேடுதல் நன்று. தென்னிந்தியருக்கு இதில் ஒரு தனித் தொல்லையுண்டு. மதிப்பெண் சான்றிதழில் முன்னெழுத்தோடும், ஆதாரில் தந்தை பெயரோடும், முகநூலில் செல்லப்பெயரோடும் மூன்று மனிதராக அவர்கள் உலவுகின்றனர். தொழில்சார்ந்த பக்கத்திலேனும் சான்றிதழில் உள்ள பெயரையே வைத்துக்கொண்டால், சரிபார்ப்பில் நாட்கள் மிச்சமாகும்.

பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக அழிப்பது பெரும் வேலை. முகநூலில், இதுவரை பொதுப்பார்வைக்கு இட்ட பதிவுகள் அனைத்தையும் நண்பர்களுக்கு மட்டும் என ஒரே கட்டளையில் மாற்றும் வசதியுள்ளது. இன்ஸ்டாகிராமில் பதிவுகளை அழிக்காமலே காப்பகத்துக்கு நகர்த்தலாம். பிறர் இட்ட படங்களில் தம் பெயர் இணைக்கப்படுவதற்குத் தம் ஒப்புதல் வேண்டுமென அமைத்துக்கொள்வது பயனுள்ளது. கைவிடப்பட்ட கணக்குகளைப் பலர் மறந்துவிடுகின்றனர். முகநூல் கணக்கை நிரந்தரமாக நீக்கக் கோரினால், முதல் 30 நாட்களுக்குள் மனம் மாறினால் மீட்டுக்கொள்ளலாம். அதன்பின் தரவு அழிய 90 நாட்கள் வரை ஆகலாம். ஆகவே விண்ணப்பிக்கும் வாரத்தில் இதைத் தொடங்குவதில் பயனில்லை. எவரேனும் திரைப்படியெடுத்து வைத்திருந்தால் அதற்கு மருந்தில்லை. அத்தகைய பதிவு குறித்து நேர்காணலில் கேட்கப்பட்டால், தமது என்று ஒப்புக்கொண்டு, இன்று தம் கருத்து என்ன என்பதை இரண்டு வாக்கியங்களில் சொல்வது, கணக்கு களவாடப்பட்டதென்று கதை கட்டுவதைவிட நன்மை தரும்.

நம் நாட்டு நிலைமையில் லிங்க்டுஇன்னைவிட முக்கியமானது வாட்ஸ்அப். சிறு, நடுத்தர நிறுவனங்களின் மேலாளர் விண்ணப்பதாரரின் எண்ணைச் சேமித்ததும் முதலில் காண்பது அவரது முகப்புப் படத்தையும் நிலைத்தகவலையும்தான். முகநூலைப் பூட்டி வைத்தவரும் இதை மறந்துவிடுகின்றனர். ட்ரூகாலர் போன்ற செயலிகளில், பிறர் தம் செல்பேசியில் எவ்வாறு குறித்து வைத்தனரோ அப்பெயரே தோன்றக்கூடும். அதைத் திருத்திக்கொள்ள வழியுண்டு. ஏற்கெனவே ஒரு பணியில் இருந்துகொண்டு வேறு வேலை தேடுவோர், லிங்க்டுஇன்னில் வேலை தேடும் அறிவிப்பைத் தேர்வாளர்களுக்கு மட்டும் தெரியுமாறு வைத்துக்கொள்ளலாம். ஆயினும் தற்போதைய நிறுவனத்துக்கு அது தெரியவே வராது என்று அத்தளமே உறுதி கூறுவதில்லை.

வெளிநாடு செல்வோருக்கு வேறு கணக்கு. அமெரிக்க விசா விண்ணப்பத்தில், கடந்த 5 ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளின் விவரம் 2019 முதல் கேட்கப்படுகிறது. மாணவர் விசா கோருவோர் தம் பக்கங்களைப் பொதுப்பார்வைக்குத் திறந்து வைக்குமாறு 2025 ஜூனிலும், எச்-1பி பணி விசா கோருவோர் அவ்வாறே செய்யுமாறு 2025 டிசம்பரிலும் அறிவுறுத்தப்பட்டனர். மறைத்து வைக்கும் உரிமையை இங்கு விண்ணப்பதாரர் இழந்துவிடுகிறார்.

பெண்களின் நிலை தனித்துக் கருதத்தக்கது. வெளிப்படத் தெரிவது ஆணுக்கு வாய்ப்பாகலாம். பெண்ணுக்கு அதுவே தொல்லையாகவும் முடிகிறது. தொழில்சார்ந்த தளத்தில் படத்தை வைத்ததும் அந்நியரின் செய்திகள் வரத் தொடங்குவதாகப் பெண்கள் கூறுகின்றனர். முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் பக்கத்தைப் பூட்டி வைக்கும் வசதியை இந்தியாவில் அறிமுகப்படுத்தியபோது, பெண்களின் பாதுகாப்பையே காரணமாகக் கூறியது. பக்கம் பூட்டியிருப்பதைத் தேர்வாளர் குறையாகக் கருதுவாராயின், அக்குறை அவரைச் சேர்ந்தது. போலிக் கணக்கோ, திரிக்கப்பட்ட படமோ தோன்றினால், 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அத்தளத்தின் குறைதீர் அலுவலரிடம் முறையிடலாம். ஆள்மாறாட்டப் புகார்களை விரைந்து கவனிக்க அவ்விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. அங்கு நீதி கிட்டாவிடில், 2023இல் அமைக்கப்பெற்ற மேல்முறையீட்டுக் குழுக்களை நாடலாம்.

மோசடி வலைகள்

வேலை தருவோர் என்ன காண்பார் என்று அஞ்சும் இளைஞர், வஞ்சகர் என்ன காண்பார் என்பதைச் சிந்திப்பதில்லை. இழப்பு பெரிதும் இங்குதான் நேர்கிறது. முகவரி, பிறந்த தேதி, செல்பேசி எண், சிலவேளை ஆதார் எண்ணும் அடங்கிய தன்விவரக் குறிப்பை எவரும் இறக்கிக்கொள்ளுமாறு வைத்திருப்போர் பலர். தேர்ச்சி பெற்ற மகிழ்ச்சியில் பணி நியமன ஆணையின் படத்தை, வரிசை எண்ணும் கையொப்பமும் தெரிய, பகிர்வோரும் உளர். அடுத்த போலி ஆணைக்கு அப்படமே மாதிரியாகிறது. ஆதாரின் நகல் தேவைப்படும் இடத்தில், முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட நகலை ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்தே பெற்றுக்கொள்ளலாம்.

தாய்லாந்தில் கணினிவழி விற்பனை அலுவலர் வேலை என்று சமூக ஊடக விளம்பரங்கள் மூலம் தகவல் தொழில்நுட்பம் பயின்ற இளைஞர்களை ஈர்த்து, எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்தி இணைய மோசடி வேலையில் ஈடுபடுத்துவதாக வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரில் எச்சரித்தது. 2025 மார்ச் மாதத்தில் இவ்வாறு சிக்கிய 500க்கு மேற்பட்ட இந்தியர் விமானப்படை விமானங்களில் அழைத்துவரப்பட்டனர். அவர்களைப் போன்றோர் படித்தவர், கணினி அறிந்தவர், வேலை தேடுவதை எல்லோரும் அறிய எழுதி வைத்திருந்தவரும் அவர்களுள் இருந்திருக்கக்கூடும். வெளிநாட்டு வேலைக்கு ஆளனுப்பும் முகவர், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் சில நிமிடங்களில் சரிபார்த்துவிடலாம். சுற்றுலா விசாவில் சென்று பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என்று கூறுவாராயின் அத்துடன் பேச்சை முடித்துக்கொள்வதே நன்று.

உள்நாட்டில், காணொளிகளை விரும்புவதாகக் குறித்தால் பணம் தரும் "பகுதிநேர வேலை" பெருகியுள்ளது. முதலில் நூறு, இருநூறு ரூபாய் உண்மையாகவே வரும். பின்னர் முன்பணம் கேட்பர். இவ்வகையில் இயங்கிய 100க்கு மேற்பட்ட இணையதளங்களை அரசு 2023 டிசம்பரில் முடக்கியது. "உங்கள் வங்கிக் கணக்கைச் சில நாட்கள் பயன்படுத்திக்கொள்கிறோம், தரகு தருகிறோம்" என்பது அதன் மற்றொரு வடிவம். இதற்கு இசைந்தவர் பணத்தை இழப்பதோடு நிற்பதில்லை. பிறரை ஏமாற்றிய பணம் அவர் கணக்கில் வந்து சென்றதால் வழக்கிலும் சேர்க்கப்படுகிறார். அரசுப் பணிக்கான உறுதிமொழிப் படிவத்தில் அவ்வழக்கைக் குறிப்பிட நேரும்.

பணம் செலுத்திவிட்டோர் வெட்கத்தால் நாட்களைக் கடத்துதல் கூடாது. 1930 என்னும் தொலைபேசி எண்ணில் உடனே தெரிவித்தால், பணம் வேறு கணக்குகளுக்குக் கைமாறுமுன் வங்கியில் நிறுத்திவைக்க இயலும். அழைக்கும்போது பணம் அனுப்பிய வங்கியின் பெயர், பரிமாற்ற எண், தேதி, நேரம் ஆகியவற்றைக் கையில் வைத்திருத்தல் வேண்டும். வஞ்சகருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடலை ஆத்திரத்தில் அழித்துவிடாமல் அப்படியே வைத்திருத்தல் வேண்டும்.